கரண்ட் வந்ததும் தானே திறக்கும் டிஸ்க்: கிளெவிஸ், டாங் மதிப்புரை

ஐப்பசி அடைமழையில் இரவு முழுக்கக் கரண்ட் இல்லை, யூபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை கரண்ட் வந்ததும் மன்னார்குடி அரிசி மில்லிலோ கும்பகோணம் பாத்திரக் கடையிலோ உள்ள, டிஸ்க் பூட்டிய லினக்ஸ் சர்வர் எழுந்து, கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்டு நிற்கும். அதை அடிக்க ஆள் வரும்வரை பில் ஓடாது. 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு கரண்ட் எப்போது வரும், போகும் என்று யாருக்குமே தெரியாமல் இருந்த ஊர்கள் இவை. டிஸ்க்கை லக்ஸ் முறையில் (லினக்ஸின் டிஸ்க் மறையாக்கம்) பூட்டாமல் இருக்க எல்லோரும் சொல்லும் சாக்கும் இதுதான்.

இதற்கு டெபியன் 12 லினக்ஸில் கைகொடுப்பது கிளெவிஸ், பூட் ஆகும்போது ஆள் இல்லாமலே டிஸ்க்கைத் திறக்கும் கருவி. கிளெவிஸ்-லக்ஸ், கிளெவிஸ்-டிபிஎம்2, கிளெவிஸ்-இனிட்ராம்எஃப்எஸ் ஆகிய மூன்று தொகுப்புகளையும் நிறுவ வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டால் டிஸ்க்கைக் கிளெவிஸோடு பிணைப்பது பிழையில்லாமல் முடியும், ஆனால் பூட் ஆகும்போது ஒன்றும் நடக்காது. சிஸ்டம்டி-கிரிப்ட்என்ரோல் என்ற கருவியும் இருக்கிறது, எளிதானதுதான். ஆனால் டெபியன் 12-இன் வழக்கமான இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் டிஸ்க் திறக்கும் முன் ஓடும் சிறு பூட் அமைப்பு), பூட்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் கிரிப்ட்டேப் கோப்பில் எழுதும் டிபிஎம்2 விருப்பத்தைக் கண்டுகொள்ளாது. அந்தப் பூட் அமைப்பை உருவாக்கும் இன்னொரு கருவியான டிராகட்டுக்கு மாறினால்தான் அது வேலை செய்யும். இணையத்தில் பார்த்ததை அப்படியே தட்டிவிட்டுக் குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள்.

முதலில் ஒரு கேள்வி: திருடன் எதைத் தூக்கிப்போவான், டிஸ்க்கையா, பெட்டியையா? டிபிஎம் சிப்போடு (கணினிக்குள் சாவி காக்கும் சிப்) மட்டும் பிணைத்தால், பழுதான டிஸ்க்கை வாரண்டிக்கு அனுப்பும்போது கவலையில்லை. பெட்டியையே தூக்கிப்போனால் அது எங்கே போனாலும் தானே திறந்துகொள்ளும். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வந்த கதைதான். செக்யூர் பூட் (கையொப்பமுள்ள பூட் நிரல்களையே அனுமதிக்கும் அமைப்பு) நிலையை டிபிஎம் குறித்துவைக்கும் பிசிஆர் 7-ஐ மட்டும் நம்பினால் இன்னொரு ஓட்டை: பூட் தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் கர்னல் வரியைத் திருத்தி நேரே ரூட் ஷெல்லுக்குள் போய்விடலாம். கிரப்புக்குக் கடவுச்சொல் போடாமல் டிபிஎம் பக்கமே போகாதீர்கள்.

பெட்டித் திருட்டுக்கு மருந்து டாங், அது நெட்வொர்க்கில் கிடைத்தால்தான் டிஸ்க் திறக்கும்படி செய்யும் சிறு சர்வர் நிரல். உள் நெட்வொர்க்கில் ஒரு ராஸ்பெரி பை என்ற கையளவு கணினியில் ஓடினால் போதும். சர்வரின் சாவி எதையும் அது சேமித்து வைப்பதில்லை, சாவி கம்பி வழியாகப் போவதும் இல்லை, அதனால் சாதாரண எச்டிடிபியே போதும். நாம் மாற்றாவிட்டால் அது ஓடுவது 80-ஆம் போர்ட்டில். பில்லிங் வெப் சர்வர் ஓடும் அதே கணினியில் வைத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். ராஸ்பெரி பையைக் கடை மாடியிலோ, ஒட்டிய வீட்டுப் பரணிலோ வைத்துக் கேபிள் இழுங்கள். சர்வருக்குப் பக்கத்திலேயே வைத்தால் திருடன் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக்கொண்டு போவான்.

இன்னும் உறுதி வேண்டுமானால் எஸ்எஸ்எஸ் முறையில் (சாவியைப் பங்குகளாகப் பிரிப்பது) வரம்பை 2 என்று வைத்து, டிபிஎம், டாங் இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்படி பிணைக்கலாம். இந்த ஏற்பாட்டுக்கே என் ஓட்டு. பிணைக்கும்போது காட்டப்படும் டாங் சாவியின் கைரேகையை (அதை அடையாளம் காட்டும் எழுத்துச் சரம்) டாங் கணினியில் டாங்-ஷோ-கீஸ் கட்டளை தருவதோடு ஒப்பிட்ட பிறகே சம்மதம் சொல்ல வேண்டும். கடைசியில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்ஸை எல்லாக் கர்னலுக்கும் ஓட்டுங்கள்.

கோளாறு பெரும்பாலும் நெட்வொர்க்கில்தான். பூட் ஆகும் அந்த நேரத்தில் வைஃபை கிடையாது, கம்பி மட்டுமே. கரண்ட் வந்ததும் சர்வர் முந்திவிடும், ரவுட்டர் இன்னும் எழுந்தே இருக்காது, ஐபி கிடைக்காது. கர்னல் வரியில் நிலையான ஐபி கொடுப்பதே நல்லது. பயாஸில் கரண்ட் திரும்பினால் தானே ஆன் ஆகும் அமைப்பையும் போட வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு பாடும் வீண். ராஸ்பெரி பை கரண்ட் வந்தாலே எழுந்துவிடும். ஆனால் திடீர் கரண்ட் கட்டில் எஸ்டி கார்டு கெடும், ஆகவே டாங் சாவிகளை வேறிடத்தில் நகல் எடுங்கள்.

செக்யூர் பூட் பட்டியல் புதுப்பிக்கப்பட்டால் பிசிஆர் 7 மாறும், டிஸ்க் திறக்காது. அப்போது பழைய கடவுச்சொல்லை அடித்து உள்ளே போய், கிளெவிஸ் லக்ஸ் ரீஜென் கட்டளையை ஓட்டினால் சரியாகும். அதனால் கடவுச்சொல் இருக்கும் சாவியிடத்தை ஒருபோதும் அழிக்கக்கூடாது. லக்ஸ்2-இல் 32 இடங்கள் இருக்கின்றன, கஞ்சத்தனம் தேவையில்லை. அந்தக் கடவுச்சொல் தமிழ் எழுத்தில் வேண்டாம். நிறுவும்போது இருந்த விசைப்பலகை பூட் திரையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது டிஸ்க்குக்குக் கிளெவிஸ் வேண்டியதில்லை. பூட்டிய ரூட்டுக்குள் 0400 அனுமதியோடு சாவிக் கோப்பு வைத்து, கிரிப்ட்டேப்பில் நோஃபெயில் (திறக்காவிட்டாலும் பூட் நிற்காது) சேர்த்தால் போதும். எக்கோ கட்டளையால் சாவிக் கோப்பு எழுதினால் வரி முடிவு எழுத்தும் சாவியில் சேர்ந்துகொள்ளும், பிறகு கையால் அதே சொல்லை அடித்தாலும் திறக்காது.

எல்லாம் முடிந்ததும் டாங் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை பூட் செய்து பாருங்கள்: கடவுச்சொல் கேட்க வேண்டும். லக்ஸ் தலைப்பின் (டிஸ்க்கின் தொடக்கத்தில் சாவியிடங்கள் இருக்கும் பகுதி) நகல் ஒரு பென்டிரைவில், கடைக்கு வெளியே இருக்கட்டும்.