தையல் பழக நிலையமா, அக்கா வீடா?

யாழ்ப்பாணத்தில் பெண்களின் உடுப்புகளை வெட்டித் தைக்கப் பழக நினைக்கிறவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. பயிற்சி நிலையம் ஒன்றில் சேரலாம். வீட்டில் வைத்துத் தைக்கிற அக்கா ஒருவரிடம் போய் இருக்கலாம். இல்லையென்றால் யூடியூப். நான் முதலில் நிலையத்தில் ஆறு மாதம் படித்தேன், அப்புறம் கோண்டாவிலில் ஒரு அக்காவிடம் ஒரு வருடத்துக்குக் கிட்ட இருந்தேன். நடுநிலையாக எழுதப் போவதாக நடிக்கவில்லை. என் பக்கம் அக்கா வீடுதான்.

யூடியூப்பைச் சுருக்கமாக முடிக்கலாம். கழுத்து வடிவங்கள், கையில் வைக்கிற சுருக்கு, பின்பக்க முடிச்சு எல்லாம் பார்க்க நல்லது. இந்தியக் காணொளிகளில் ஜாக்கெட் என்பார்கள், நாங்கள் சாறிச் சட்டை என்போம். அது ஒரு நாளில் பழகிவிடும். ஆனால் உங்கள் துணியைத் தொட்டுப் பார்த்து, 'நூலோட்டம் சரிஞ்சு போச்சு, திருப்பி மடி' என்று சொல்லத் திரையால் ஏலாது.

நிலையத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தாளில் வரையப் பழகியது அங்கேதான். மார்புச் சுற்று 36 அங்குலம் என்றால் கால்வாசி 9, அதோடு தளர்வுக்கு எவ்வளவு, தையலுக்கு எவ்வளவு என்று கணக்காக வரும். கைக்குழியை, அதாவது சட்டையில் கை பொருத்துகிற வளைவை, முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் உள்வாங்கி வெட்ட வேண்டும், கழுத்துப் பட்டியை 45 பாகைச் சரிவில் வெட்டினால்தான் வளைவில் சுருங்காமல் படியும் என்பதெல்லாம் காரணத்தோடு சொல்லித் தந்தார்கள். அக்காவுக்கு இந்தக் காரணங்கள் கேட்டால் சிரிப்புத்தான் வரும். அளவுச் சட்டை ஒன்றைத் துணிக்கு மேலே விரித்து, சோக்கால் கோடு போட்டு வெட்டிவிடுவார். அளவுச் சட்டை இல்லாமல் புது மாதிரி ஒன்றைக் கேட்டால் அவருக்கே தயக்கம் வரும். இந்த இடத்தில் நிலையம்தான் மேல்.

அப்படியிருந்தும் ஏன் அக்கா வீடு என்றால், ஒரே காரணம்: அங்கே தைத்த சட்டை திரும்பி வரும்.

நிலையத்தில் தைத்த எதுவும் திரும்பி வந்ததில்லை. தைத்தோம், ஆசிரியை பார்த்தார், புள்ளி போட்டார், முடிந்தது. யாரும் அதைப் போட்டுக்கொண்டு சமைக்கவில்லை, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கவில்லை, தோய்க்கவில்லை. படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுச் சாமத்திய வீட்டுக்கு ஒரு சாறிச் சட்டை தைத்துக் கொடுத்தேன். காசுக்குத் தைத்த முதல் சட்டை. கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் மேலே இழுபட்டது. கைக்குழி இறுக்கம் என்று நினைத்து, கீழே அரை அங்குலம் ஆழமாக வெட்டினேன். இன்னும் மோசம். கைக்குழி எவ்வளவு கீழே இறங்குகிறதோ, கை தூக்கும்போது சட்டை அவ்வளவு இழுபடும். மேலே இருக்க வேண்டியதைக் கீழே இறக்கியிருக்கிறேன்.

அந்தச் சட்டையோடுதான் முதன்முதலில் அக்கா வீட்டுப் படி ஏறினேன். அவர் கையைப் பிரித்து, மிச்சத் துணியில் சாய்சதுரமாக ஒரு சின்னத் துண்டு வெட்டி, கமுக்கட்டுக்குக் கீழே வைத்துத் தைத்தார். வெளியே தெரியவில்லை, கையும் தூக்க முடிந்தது. "பிள்ளை, சட்டை நிக்கேக்க எல்லாம் வடிவாத்தான் இருக்கும். கையைத் தூக்கச் சொல்லிப் பார்," என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து அங்கே போகத் தொடங்கினேன். அக்கா என்னிடம் காசு வாங்கவில்லை, பதிலுக்கு ஹூக் வைப்பது, ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவது எல்லாம் என் தலையில். முதல் இரண்டு மாதம் கத்திரிக்கோலே கைக்கு வரவில்லை. இது பிடிக்காதவர்கள் நிறையப் பேர், அவர்களைப் பிழை சொல்ல மாட்டேன்.

ஆனால் திருத்தத்துக்கு வந்த சட்டைகள்தான் எனக்குப் பாடப்புத்தகம். உள்துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவிடாமல் வெட்டினால் முதல் தோய்ப்பில் அது சுருங்கி, மேல்துணி கொப்பளித்து நிற்கும். நான் வெட்டியதே அப்படித் திரும்பி வந்தது. சுருக்கக் கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றனவோ அந்தப் பக்கம்தான் இறுக்கம் என்பதையும் ஆட்களில் பார்த்தால்தான் பிடிபடும். அக்கா பக்கத் தையலில் ஒரு அங்குலம் மிச்சம் விட்டே தைப்பார். பிள்ளை பெற்று வந்தவர்கள் அதே சட்டையைப் பிரித்துத் தரச் சொல்வார்கள், அதற்குத்தான். நிலையத்தில் நாங்கள் அரை அங்குலம் விட்டு, ஓரத்தை நேர்த்தியாக வெட்டி மெஷினில் அடித்துவிட்டோம். பார்க்க அது அழகு, ஆனால் பிரிக்க அங்கே துணி இல்லை.

சான்றிதழ் விஷயம் இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலைக்கோ வெளிநாட்டுக்கோ போக நினைப்பவர்களுக்கு நிலையம் நேர்வழி என்றே தோன்றுகிறது, நான் அந்தப் பக்கம் வேலை பார்த்ததில்லை. வீட்டில் பழகியவர்களுக்கும் கதவு முழுதாக அடைபடவில்லை. இலங்கையின் தேசிய தொழில் தகைமை (NVQ) என்கிற சான்றிதழ் முறையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. அனுபவத்தில் பழகியவர்களின் திறமையைச் சோதித்து அதற்கான மட்டத்தில் சான்றிதழ் கொடுக்கும் முறையும் அதில் உண்டு.

இரண்டுக்கும் வசதி இருந்தால் என்னைப் போல நிலையத்துக்கு முதலில் போகாதீர்கள். ஆறு மாதம் அக்கா வீட்டில் இருந்துவிட்டுப் போனால், தாளில் போடுகிற ஒவ்வொரு கோடும் எந்தச் சட்டையில் பிழைத்தது என்று தெரிந்தே போடுவீர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்னரே போய்ச் சேர்ந்துவிடுங்கள். கொடியேறினால் ஒருவருக்கும் சொல்லித்தர நேரம் இருக்காது, ஆனால் தைத்ததும் திரும்பி வருவதும் அந்த நாட்களில்தான் அதிகம்.