வாசலில்லா வாசல்: 48 கோன்கள், தினசரிப் பழக்கத்துக்கு எப்படி?

ஜென் பௌத்தத்தில் தியானத்துக்குக் கொடுக்கும் புதிரான சிறு நிகழ்ச்சிகள்தான் கோன்கள். அவற்றின் தொகுப்புகளில் முதலில் எடுக்க வேண்டியது 'மூமோன்கான்', அதாவது 'வாசலில்லா வாசல்'. சீனத் துறவி வூமென் ஹுய்காய் 1228-இல் தொகுத்தது, 48 கோன்கள்தான். நூறு கோன்கள் கொண்ட 'நீலப் பாறைப் பதிவுகள்' ரொம்ப அடர்த்தி, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதன் அமைப்பே பலம். ஒவ்வொன்றிலும் ஒரு நிகழ்ச்சி, வூமெனின் சீண்டலான உரை, நாலு வரிப் பாட்டு. முதல் வாசிப்பில் நிகழ்ச்சியோடு நிறுத்துங்கள். உரைக்குப் போனால் மூளை விளக்கம் தேடக் கிளம்பிவிடும்.

அன்றாடத்துக்கு ஏழாவது கோன் கச்சிதம். புதிதாக மடத்தில் சேர்ந்த துறவி உபதேசம் கேட்கிறார். "கஞ்சி குடித்தாயிற்றா?" என்கிறார் ஜென் ஆசான் ஜாவோஜோ. "ஆயிற்று." "அப்படியென்றால் கிண்ணத்தைக் கழுவு." ஒரு வாரம் இது ஒன்று போதும்: பாத்திரம் கழுவும்போது தண்ணீரும் கையும் மட்டும். 'கிண்ணம் என்றால் மனம்' என்று உருவகம் பண்ணத் தொடங்கினால் கோன் செத்தது.

முதல் கோனின் 'மூ' வேறு ரகம். நாய்க்குப் புத்த இயல்பு உண்டா என்ற கேள்விக்கு வந்த பதில் அது. வெறும் 'இல்லை' என்று மொழிபெயர்த்த பதிப்பு பயிற்சிக்கு உதவாது, ஒலி வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து 20 நிமிடம், மூச்சு வெளியேறும்போதெல்லாம் மனத்துக்குள் ஒரு நீண்ட 'மூ'. தாடையை இறுக்கினால் தலைவலிதான் மிஞ்சும்.

குறை? ஜென்னின் ஒரு பிரிவான ரின்சாய் மரபில் பதிலைச் சோதிப்பவர் ஆசிரியர், தனியறையில், நேருக்கு நேர். அதைப் புத்தகம் தராது. 'ஒரு கையின் ஓசை என்ன?' என்ற பிரபல கோனைத் தேடி இதை வாங்காதீர்கள். அது 18ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஆசான் ஹகுயினுடையது.