ஆபரேஷனுக்கு முன் எம்ஆர்ஐ தேவையா? மூன்று ஸ்கேன்களும் எடுத்தவள் சொல்வது

பயாப்சியில் புற்று என்று தெரிந்துவிட்டது. மார்பகத்தில் எவ்வளவு எடுப்பது என்பதுதான் மிச்சக் கேள்வி. மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் இரண்டும் எடுத்தாயிற்று, எம்ஆர்ஐயும் வேண்டுமா என்று யோசித்துச் சொல்லச் சொன்னார் டாக்டர். எடுத்துவிடலாம் என்றேன். என்னுடையது போன்ற கட்டி என்றால் இன்றும் அதையேதான் சொல்வேன்.

மேமோகிராம், சில சமயம் புற்றின் அடையாளமாக இருக்கும் சுண்ணாம்புத் துகள்களைக் காட்டிக்கொடுப்பதில் கெட்டி. அல்ட்ராசவுண்டில் அக்குள் நெறிக்கட்டியைப் பார்த்தபடியே ஊசி போட்டு, சோதனைக்குத் திசு எடுக்கலாம். இவை இரண்டும் எப்படியும் வேண்டும்.

தகராறு கட்டியின் அளவில்தான். எனக்கு வந்தது பால் சுரப்பிகளில் தொடங்கும் லோபுலர் வகை. இந்தச் செல்கள் உருண்டு திரளாமல் ஒற்றை வரிசையாகத் திசுவுக்குள் ஊடுருவும். மார்பகமும் அடர்த்தியாக இருந்ததால், திசுவும் கட்டியும் ஒரே வெள்ளையாகத் தெரியும் மேமோகிராமில் கட்டியின் ஓரத்தைத் தேடுவது பாலில் வெண்ணெயைத் தேடுவது போலத்தான். மேமோகிராம் 1.8 செ.மீ. என்றது, அல்ட்ராசவுண்ட் 2.1, எம்ஆர்ஐ 3.4. வெட்டியெடுத்துச் சோதித்தபோது 3.1. முதல் இரண்டை நம்பியிருந்தால் ஓரத்தில் புற்று தங்கி, மறுபடி ஆபரேஷனுக்குப் படுத்திருப்பேன்.

எல்லாருக்கும் இப்படி உதவும் என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனில் 1,623 பெண்களிடம் நடந்து, 2010இல் வெளியான காமிஸ் ஆய்வில், எம்ஆர்ஐ எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இரு தரப்பிலும் மறு ஆபரேஷன் சுமார் 19 சதவீதம்தான். எல்லா வகைக் கட்டிகளையும் சேர்த்துப் பார்த்த கணக்கு அது.

எம்ஆர்ஐயின் பெரிய தொல்லை, அது தேவைக்கு மேல் சந்தேகப்படும். குப்புறப் படுத்து, மார்பகம் இரண்டும் பள்ளத்தில் தொங்க, கைநரம்பில் காடோலினியம் என்ற மருந்து ஏறும். மருந்தை உறிஞ்சும் இடமெல்லாம் ஒளிரும், அது புற்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எனக்கும் கட்டிக்குத் தள்ளி 7 மி.மீ. புள்ளி ஒன்று தெரிந்தது. அன்றிரவு தூக்கமில்லை. மறுநாள், "முழுசா எடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்டேவிட்டேன். "ஊசி போட்டுப் பார்க்காம எதையும் எடுக்க மாட்டேன்மா" என்றார். அதே இடத்தில் மறுபடி அல்ட்ராசவுண்ட் வைத்துத் தேடி, ஊசி போட்டார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது, புற்றில்லாத சாதாரணக் கட்டி, ஃபைப்ரோஅடினோமா.

அதனால் எம்ஆர்ஐக்குச் சம்மதிக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள். புதிதாக ஏதாவது தெரிந்து, அது அல்ட்ராசவுண்டில் சிக்காவிட்டால், எம்ஆர்ஐ பார்த்தே ஊசி போடும் வசதி இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள்? இதற்குப் பதில் இல்லாத இடத்தில் நான் எடுத்திருக்க மாட்டேன். பயத்திலேயே மார்பகத்தை இழக்க நேரும்.

அயோடின் மருந்து செலுத்தி எடுக்கும் மேமோகிராமும் உண்டு. எம்ஆர்ஐ குழாய்க்குள் படுக்க முடியாதவர்கள் கேட்டுப் பார்க்கலாம், சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். நான் எடுத்ததில்லை, அதனால் ஒப்பிடவில்லை.

அந்த 7 மி.மீ. புள்ளி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, ஊசி போட்டபோது அடையாளத்துக்கு உள்ளே வைத்த சின்ன உலோகக் கிளிப்போடு. வருஷா வருஷம் மேமோகிராமில் இரண்டையும் பார்த்துவிட்டு வருகிறேன்.