மிஞ்சிய அவித்த முட்டைக்கு எந்த ஃபெட்டா?

அவித்து மிஞ்சிய முட்டையைப் பாதியாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து, ஃபெட்டா என்ற கிரேக்க ஆட்டுப்பால் சீஸும் தயிரும் சேர்த்துப் பிசைந்து திரும்ப நிரப்புவது கிரேக்க முறை. அப்படி நிரப்பினால், ருசியில் முக்கால்வாசி அந்தச் சீஸின் கையில் இருக்கிறது. மயோனைஸ் போட்டுச் செய்யும் முறையில் உப்பும் புளிப்பும் கொழுப்பும் பாட்டிலிலிருந்தே அளவாக வந்துவிடும். இங்கே உப்பையும் புளிப்பையும் ஃபெட்டா தர வேண்டும். அது கூடவே கொண்டுவரும் தண்ணீரையும் நாம் சமாளிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் நான்கு வகை ஃபெட்டாவை இந்த ஒரு பண்டத்துக்கு மட்டும் வைத்து இங்கே எடை போடுகிறோம். சாலட்டுக்கு நன்றாக இருப்பதெல்லாம் முட்டைக்குள் நன்றாக இருக்காது.

கிரேக்கத்தில் முட்டை மிஞ்சுவதற்கென்றே ஒரு காலம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பில் இறைச்சியோடு முட்டை, பால், சீஸ் எல்லாமே விலக்கு. பெரிய வியாழனன்று முட்டைகளை அவித்துச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். சனி நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் ஒருவர் முட்டையை மற்றவர் முட்டையோடு மோதி உடைப்பார்கள். திங்கட்கிழமை குளிர்பெட்டியைத் திறந்தால் முட்டை ஒரு பக்கம், நோன்பு முடித்து வாங்கிய ஃபெட்டா ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் அவ்கா யெமிஸ்தா, அதாவது நிரப்பிய முட்டை.

இனி சீஸ். 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஃபெட்டா என்ற பெயர் கிரேக்கத்துக்கு மட்டுமே உரியது. டென்மார்க்கும் ஜெர்மனியும் வழக்காடியும் 2005-இல் நீதிமன்றம் அந்த உரிமையை உறுதிசெய்தது. விதி இதுதான்: குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மிச்சம் வெள்ளாட்டுப் பால், பசும்பால் கூடவே கூடாது. குறைந்தது இரண்டு மாதம் பதப்பட வேண்டும். ஈரப்பதம் 56 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒன்றியத்துக்கு வெளியே பல நாடுகளில் பசும்பால் சீஸும் இதே பெயரில் விற்கிறது. ஆகவே பெயரை விட்டுவிட்டு, பொட்டலத்தின் பின்பக்கத்தில் என்ன பால் என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர் உரிமையைக் காட்டும் சிவப்பும் மஞ்சளுமான வட்ட முத்திரை இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

முதல் இடம், உப்புநீரில் மிதக்கும் கட்டி. டப்பாவிலோ தகர டின்னிலோ வரும். பால்வெள்ளையாக இருக்கும், ஏனென்றால் ஆட்டுப் பாலில் பசும்பாலின் மஞ்சள் நிறமி இல்லை. விரலால் அழுத்தினால் உதிரும், ஆனால் மாவாகாது. மஞ்சள் கருவோடு பிசையும்போது பாதி கரைந்து பாதி சிறு துணுக்காக நிற்கும். இந்தப் பண்டத்துக்கு வேண்டிய பதம் அதுதான்: மென்மைக்கு நடுவே அங்கங்கே உப்பும் புளிப்பும் தட்டுப்பட வேண்டும். காற்று நீக்கிய பொட்டலத்தில் வரும் கட்டியும் இதே ரகம்தான். அதில் உப்புநீர் கொஞ்சமாக இருப்பதால் பிரித்த பிறகு சீக்கிரம் காயும்.

மரப்பீப்பாயில் பதப்படுத்திய ஃபெட்டா விலை கூடியது, காரசாரமான மிளகு வாசம் கொண்டது, சற்று இறுகலானது. தக்காளியோடும் ரொட்டியோடும் சாப்பிட இதைவிட நல்ல ஃபெட்டா கிடையாது. முட்டைக்குள் போட்டால் மஞ்சள் கருவின் ருசியே தெரியாமல் போகிறது. இதுதான் கையில் இருக்கிறது என்றால் அளவை மூன்றில் இரண்டாகக் குறையுங்கள்.

உதிர்த்து விற்கும் ஃபெட்டாவை இதற்கு வாங்காதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அதில் பெரும்பாலும் செல்லுலோஸ் தூளோ மாவுச்சத்தோ தூவியிருப்பார்கள். சாலட்டில் அது தெரியாது. மஞ்சள் கரு ஏற்கெனவே பொடிப்பொடியானது. அதோடு இந்தத் தூளும் சேர்ந்தால் எத்தனை தயிர் விட்டாலும் நாக்கில் நறநறக்கும். கட்டியை உதிர்க்க அரை நிமிடம் போதும்.

பசும்பாலில் செய்த வழுவழு வெள்ளைச் சீஸ் நான்காவது. துளையே இல்லாமல், கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். பிசைந்தால் முழுக்கக் கரைந்து பசையாகிவிடும். குழந்தைகளுக்குப் பிடிக்கும், கெட்டது என்று சொல்லமாட்டோம். தயிரை அடியோடு விட்டுவிட்டு, எலுமிச்சைச் சாற்றை இரட்டிப்பாக்கினால் ஒப்பேறும். பன்னீரை உப்புநீரில் ஊறவைத்துப் பார்க்கலாமா என்றால், வேண்டாம். கொதிக்கும் பாலில் புளிப்பு விட்டுத் திரிப்பது பன்னீர். உறையும் நொதிப்பும் சேர்ந்து மாதக்கணக்கில் பதமாவது ஃபெட்டா. அந்தப் புளிப்பு ஊறவைத்து வருவதில்லை.

6 முட்டைக்கு அளவு: மஞ்சள் கரு மட்டும் 90 முதல் 100 கிராம் வரும். ஃபெட்டா 60 கிராம், வடிகட்டிய கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி, காய்ந்த ஓரிகானோ அரை தேக்கரண்டி, மிளகுத்தூள் கொஞ்சம், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் 1 மேசைக்கரண்டி, கலமாத்தா ஆலிவ் (ஊதா நிறக் கிரேக்க ஆலிவ்) 6. உப்பு சேர்க்கவே வேண்டாம். 100 கிராம் ஃபெட்டாவில் ஏறக்குறைய 2 முதல் 3 கிராம் உப்பு இருக்கிறது, ஆலிவிலும் உண்டு. சீஸைக் கொஞ்சம் வாயில் போட்டுப் பாருங்கள். கரித்தால் குளிர்ந்த தண்ணீரிலோ பாலிலோ 15 நிமிடம் போட்டு எடுத்துத் துணியில் ஒற்றுங்கள்.

வரிசை முக்கியம். மஞ்சள் கருவைச் சல்லடையில் தேய்த்து இறக்கி, முதலில் எண்ணெயை மட்டும் விட்டுப் பிசையுங்கள். குளிர்பெட்டியில் நாள்பட்ட கரு வறண்டிருக்கும். எண்ணெய் முதலில் ஏறினால்தான் வழுவழுப்பாகும். தயிரை முதலில் விட்டால் கட்டி கட்டியாக நிற்கும். பிறகு தயிர், எலுமிச்சை. கடைசியில் ஃபெட்டாவை உதிர்த்துப் போட்டு முள்கரண்டியால் புரட்டுங்கள். மிக்ஸியில் ஓட்டினால் சீஸ் பிடித்துவைத்திருந்த நீர் வெளியேறிக் கலவை இளகிவிடும். பைப்பிங் பையில் பிழியும் ஆசையையும் விடுங்கள், துணுக்குகள் முனையில் அடைக்கும். ஒவ்வொரு பாதிக்கும் கரண்டியால் ஒரு மேசைக்கரண்டி குவித்து வைத்தால் போதும்.

ஆலிவை நறுக்கி உள்ளே கலந்தால் அதன் ஊதாச் சாயம் இறங்கிக் கலவை சாம்பல் நிறமாகும். விதை நீக்கி, ஈரம் ஒற்றி, மேலேதான் வைக்க வேண்டும். ஓரிகானோவை உள்ளங்கையில் கசக்கிப் போட்டால் வாசம் எழும். பீட்சாவோடு வரும் ஓரிகானோ பொட்டலம் வேண்டாம், அதில் உப்பும் பூண்டும் மிளகாயும் கலந்திருக்கும். வெள்ளரியும் தக்காளியும் கலவைக்குள் போகக்கூடாது. ஃபெட்டாவின் உப்பு பட்டதும் தண்ணீர் விடும். இதே காரணத்தால்தான் நிரப்பி வைத்த முட்டை மறுநாள் தட்டில் ஈரம் கோத்து நிற்கிறது: கலவையின் உப்பு வெள்ளைக்கருவிலிருந்து நீரை இழுக்கிறது. கலவையை முதல்நாளே செய்து மூடிவைக்கலாம். நிரப்புவது பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு.

முட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவித்த முட்டை குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். வியாழன் அவித்ததென்றால் அடுத்த வியாழனோடு முடிந்தது. மோதி விளையாடி ஓடு விரிந்து, மேசையிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தவற்றை எடுத்துப் போட்டுவிடுங்கள். கருவைச் சுற்றிப் பச்சை வளையம் இருந்தால் பயப்பட வேண்டாம். அதிகம் கொதித்ததால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து உண்டான நிறம் அது. கெடுதல் இல்லை, கலவை கொஞ்சம் மங்கலாகத் தெரியும். உரிக்கும்போது காற்றறை உள்ள அகன்ற முனையில் தட்டி, தண்ணீருக்குள் வைத்து உரியுங்கள். சிவப்பு ஓடு என்றால் உரித்ததும் கையைக் கழுவிவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைக்கருவெல்லாம் விரல் தடம்.

200 கிராம் கட்டியில் 140 கிராம் மிஞ்சும். அதை வெறும் தண்ணீரில் போட்டு வைத்தால் மேற்பரப்பு கொழகொழவென்று ஆகிவிடும். டப்பாவின் உப்புநீரைக் கொட்டாமல் வைத்திருந்தால் அதிலேயே முங்க வையுங்கள். கொட்டிவிட்டால், காய்ச்சி ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் உப்பைக் கரைத்து, சீஸ் முழுக்க மூழ்கும்படி ஊற்றி மூடுங்கள்.