சப்வூஃபர் கேபிள் என்று சொல்லி 9,400 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், உஷார்

வயிறு எரிகிறது. சப்வூஃபருக்கு (அடித்தொனியை, அதாவது பேஸை மட்டும் ஒலிக்கும் தனி ஸ்பீக்கர்) எட்டு மீட்டர் கேபிள் என்று 9,400 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு மட்டமான ஒயரைத் தலையில் கட்டிவிட்டார்கள். கடைப் பெயர் போடவில்லை. ஏசி டெமோ ரூமெல்லாம் வைத்திருக்கும் பெரிய ஹோம் தியேட்டர் ஷோரூம்.

"ஆக்சிஜன் ஃப்ரீ காப்பர் சார், வெள்ளி முலாம். சாதா கேபிள்ல பேஸ் பாதிதான் வரும்" என்றார் சேல்ஸ்மேன். யோசித்துக்கொண்டு நின்றேன். உடனே போனை எடுத்துத் தன் வீட்டு ஹாலைக் காட்டினார். டிவிக்குக் கீழே அதே நீல வலை போட்ட கேபிள், பக்கத்தில் அவர் குழந்தை. "என் வீட்டுக்கே இதைத்தான் போட்டிருக்கேன் சார்." பெற்ற பிள்ளையைக் காட்டிப் பேசுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? ஜிபேயில் பணம் போய்விட்டது.

மாட்டியதும் 'ஊம்ம்ம்' என்று இரைச்சல். படத்தில் வசனம் நின்றால் அது மட்டும்தான் கேட்கிறது. போன் செய்தால், "100 மணி நேரம் ஓடட்டும் சார், செட் ஆயிடும்." அப்புறம், "உங்க வீட்ல எர்த் சரியில்ல." சரி என்று நண்பரின் சாதாரண ஆர்ஜி6 கோஆக்சியல் (டிவி கேபிள் வகை) கேபிளை அதே இடத்தில் மாட்டினேன். இரைச்சல் போயே போச்சு. எர்த் ஒரே நிமிடத்தில் சரியாகிவிட்டதா? நேரில் போனால், "பேக்கிங் பிரிச்சாச்சே, ரிட்டர்ன் கிடையாது." போட்டோ காட்டியவர் லீவாம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் வரவில்லை.

பின்னைத் திருகிப் பார்த்தேன். வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை, அதாவது ஷீல்டு என்ற பெயரில் நாலைந்து மெல்லிய இழைகள் ஒரு பக்கமாக ஒட்டிக்கிடக்கின்றன. கத்தியால் சுரண்டினால் செம்புப் பூச்சுக்குள் வெள்ளையாக அலுமினியம். மீதித் தடிமன் முழுக்க பிளாஸ்டிக். இதற்கு 9,400 ரூபாய்!

வாங்கப் போகிறவர்கள் கவனியுங்கள். ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்) சப்வூஃபருக்கு அனுப்பும் எல்எஃப்இ என்ற பேஸ் சானலில் வருவது 120 ஹெர்ட்ஸ் வரைதான், அதற்கு வெள்ளி முலாம் தேவையே இல்லை. ஷீல்டில் கம்பிப் பின்னலும் ஃபாயிலும் ஒழுங்காக உள்ள ஒற்றை ஆர்சிஏ (நடுவில் ஒரு முள் உள்ள உருண்டைப் பின்) கேபிள் போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது சப்வூஃபர் ஒலிக்கும் எல்லைக்குள்ளேயே வருவதால், ஷீல்டு மோசமானால் இரைச்சல் நேராக வந்து நிற்கும். கரண்ட் ஒயரோடு சேர்த்து இழுக்காதீர்கள். பில்லில் கேபிள் விவரம் எழுதாமல் பணம் தராதீர்கள். என் பில்லில் 'ஆக்சசரீஸ் 9,400' என்று மட்டும் இருக்கிறது, ஜிஎஸ்டி எண்கூட இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். இந்த நீல வலை கேபிளை வாங்கியவர்கள் இன்றே பின்னைக் கழற்றிப் பாருங்கள்.