கோர்பூட் போட்ட தின்க்பாடில் விண்டோஸ்: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

கோர்பூட் போட்டால் விண்டோஸை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறக்கத் தேவையில்லை. என்னுடைய தின்க்பாட் எக்ஸ்230 மூன்று வருடத்துக்கு மேலாக அப்படித்தான் ஓடுகிறது. அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவுப் புத்தகம்), கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அதில்தான் செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் அச்சுவேலை தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்: பாமினி எழுத்துரு, விண்டோஸில் ஓடும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7. அச்சகத்தில் கேட்பது அந்தக் கோப்பைத்தான். முழுதாக லினக்ஸுக்கு மாறச் சொல்லும் தம்பிமார் என் அச்சகக்காரரிடம் ஒருக்கால் கதைத்துப் பார்க்கட்டும்.

தெரியாதவர்களுக்காக: கொம்பியூட்டரைப் போட்டவுடன் முதலில் எழும்பும் பயோஸுக்குப் பதிலாக வைக்கும் திறந்தமூல ஃபேர்ம்வெயர் (சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்)தான் கோர்பூட். 1999இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் லினக்ஸ்பயோஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2008இல் கோர்பூட் ஆனது. நினைவகத்தையும் மற்ற வன்பொருளையும் தயார்ப்படுத்திவிட்டு, அடுத்த வேலையை பேலோட் என்ற இன்னொரு மென்பொருளிடம் கொடுத்துவிடும். என்னுடையதில் இருப்பது, பழைய பயோஸ் மாதிரியே இயங்குதளத்தை எழுப்பும் சீபயோஸ்.

சுதந்திர மென்பொருள் கொள்கைக்காக நான் இதில் இறங்கவில்லை. வைஃபை கார்ட்டுக்காக இறங்கினேன். கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்து தந்த இந்த லப்டொப்பில் பழைய வேகம் குறைந்த கார்ட் இருந்தது. இன்டெல் 7260 ஒன்றை வாங்கிச் செருகினால் 1802 என்ற பிழை எண்ணோடு திரை நின்றுவிடும். அனுமதியில்லாத கார்ட்டாம், கழற்றட்டாம். பழைய பயோஸுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாத கார்ட்டை அது ஏற்காது. கோர்பூட்டில் அந்தப் பட்டியலே கிடையாது. கார்ட் முதல் நாளே வேலை செய்தது, இன்றைக்கும் செய்கிறது.

போட்டுத் தந்தவர் ரீவி திருத்துபவர். ரீவிக்கு ஃபேர்ம்வெயர் ஏற்ற வைத்திருந்த சிஎச்341ஏ புரோகிராமரும் (சிப்பை வாசித்து எழுதும் கருவி) கிளிப்பும் அவரிடம் இருந்தன. "அண்ணை, போர்ட் போனால் நான் பொறுப்பில்லை" என்று முதலே சொல்லிவிட்டார். எக்ஸ்230இல் உள்ளங்கை வைக்கும் தட்டைக் கழற்றினால் பயோஸ் இருக்கும் இரண்டு சிப்கள் தெரியும்: ஒன்று 8 எம்பி, மற்றது 4 எம்பி. கறுப்பு நிறச் சிஎச்341ஏ போர்ட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. சிப்புக்குப் போவது 3.3 வோல்ட் என்றாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வரும். அவர் அதை ஏற்கெனவே திருத்தி வைத்திருந்தார். ஒவ்வொரு சிப்பையும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வாசித்து, கோப்புகள் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் எழுதினார். அவசரப்படாத ஆளிடம் கொடுங்கள், அவ்வளவுதான்.

இனி விண்டோஸ் பக்கம். "முழுக்கத் திறந்தமூலம்" என்ற பெருமை இங்கே கொஞ்சம் அடிபடும். சீபயோஸ் வழியாக விண்டோஸ் எழும்ப வேண்டுமென்றால், திரையை இயக்கும் இன்டெல் விஜிஏ துண்டு ஒன்றைப் பழைய பயோஸிலிருந்து எடுத்து, அதையும் உள்ளே சேர்க்க வேண்டும். அது மூடிய மென்பொருள். அது இல்லாமலும் லினக்ஸ் அழகாக எழும்பும். விண்டோஸில் எங்களுக்குக் கிடைத்தது கறுப்புத் திரை. அதோடு, சீபயோஸுக்கு விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய வட்டு முறையில் நிறுவியிருக்க வேண்டும். யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் நிறுவியிருந்தால் சீபயோஸுக்குப் பதிலாக ஈடிகே2 பேலோட்டைப் போடுங்கள். பிட்லொக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) இருந்தால் எல்லாவற்றுக்கும் முதல் அதை நிறுத்துங்கள்.

சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் இன்டெல் எம்ஈ என்ற நிர்வாகப் பகுதியை மீ_கிளீனர் என்ற கருவி கொண்டு வெட்டிவிட்டோம். முழுதாக அழிக்க முடியாது. அழித்தால் அரை மணித்தியாலத்தில் இயந்திரம் தானாக நின்றுவிடும். ஆகவே தொடக்கத்துக்குத் தேவையான சின்னத் துண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் அதற்கு ஒரு மஞ்சள் முக்கோணம் தெரிகிறது. தெரியட்டும்.

அன்றாடப் பாவனையில் குறை என்றால் பெரிதாக இல்லை. மூடித் திறந்தால் எழும்புகிறது, ஒலி, பிரின்டர், வெளித்திரை எல்லாம் சரி. பற்றரி சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் மென்பொருள் மட்டும் விண்டோஸில் எனக்குச் சரிவரவில்லை. கரண்ட் அடிக்கடி போகும் வீட்டில் அதை நிறுத்தி வைப்பதும் வீண் என்று விட்டுவிட்டேன்.

பற்றரி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலிவான மாற்றுப் பற்றரி போட்டால் சார்ஜ் ஏறாத பிரச்சினையைக் கோர்பூட் தீர்க்காது. பற்றரியையும் விசிறியையும் விசைப்பலகையையும் பார்ப்பது வேறொரு சிப். அதில் இருப்பது பழைய மூடிய ஃபேர்ம்வெயர்தான். அதைத் திருத்துவதென்றால் கோர்பூட் போட முன்னமே, பழைய பயோஸ் இருக்கும்போது செய்ய வேண்டும். பிறகு நினைத்தால் பழைய பயோஸைத் திரும்ப ஏற்றித்தான் செய்யலாம்.

எனக்கு உண்மையில் அலுப்புத் தந்தது வேறு. எஃப்1 அழுத்தினால் வரும் அமைப்புத் திரை இப்போது இல்லை. எஃப்என் விசையையும் கன்ட்ரோல் விசையையும் இடம் மாற்றுவது போன்ற சின்ன விஷயத்துக்கும் லினக்ஸுக்குள் போய், கோர்பூட் அமைப்புகளை மாற்றும் என்விராம்டூல் கட்டளை அடிக்க வேண்டும். ஃபேர்ம்வெயரைப் புதுப்பிக்க ஃப்ளாஷ்ரொம் என்ற மென்பொருள்; அதையும் நான் லினக்ஸில்தான் செய்கிறேன், சிப்பைத் தொட விடும்படி கேர்னலுக்கு ஐஓமெம்=ரிலாக்ஸ்ட் என்று சொல்லிவிட்டு. விண்டோஸ் இந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறது. கூரை ஒழுகினால் வீட்டுக்காரனைத்தான் கூப்பிட வேண்டும். ஆகவே லினக்ஸ் மின்ட் ஒரு பக்கம் கட்டாயம் இருக்கிறது. விண்டோஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் 2.0 பதிப்பு; இதில் இருப்பது 1.2. ப்ரொசசரும் 2012ஆம் ஆண்டுத் தலைமுறை. எந்த ஃபேர்ம்வெயர் போட்டாலும் அது மாறாது. விண்டோஸ் பக்கத்தில் இணையத்தை நிறுத்திவிட்டேன்; கோப்புகள் பென்டிரைவில் போய் வருகின்றன. மின்னஞ்சல், வங்கி, யூடியூப் எல்லாம் மின்டில்.

போடுபவர்கள் இரண்டு சிப்களிலிருந்தும் முதலில் வாசித்து எடுக்கும் அந்த 12 எம்பியை இரண்டு இடத்தில் வையுங்கள். உங்கள் போர்ட்டின் நெட்வேர்க் முகவரி அதற்குள் இருக்கிறது. வேறொருவரின் கோப்பை எடுத்து அப்படியே எழுதினால் அவருடைய முகவரிதான் உங்கள் இயந்திரத்துக்கும் வரும்.