முன்கூட்டியே மருந்தா, வாராவாரம் ரத்தப் பரிசோதனையா?

உறுப்பு மாற்று சிகிச்சை முடிந்த குழந்தைகளுக்கு, எதிர்ப்பு சக்தி குறைந்த சமயம் பார்த்து வரும் சந்தர்ப்பவாதத் தொற்றுகளில் அதிகம் கவலை தருபவற்றில் ஒன்று சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி. பெரியவர்கள் பலருக்கு இது எப்போதோ வந்து, சத்தமில்லாமல் உடலுக்குள்ளேயே தங்கியிருக்கும். சிறு குழந்தைகள் பலருக்கோ இன்னும் வந்ததே இருக்காது. கொடையாளரிடம் வைரஸ் இருந்து குழந்தையிடம் இல்லையென்றால், புது உறுப்போடு வைரஸும் வந்துவிடும். அதுவும் எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் நேரத்தில். ஆபத்து அதிகமான சேர்க்கை இதுதான்.

தடுக்க இரண்டு வழிகள். ஒன்று, வைரஸ் தென்படும் முன்பே வால்கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கி, பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் கொடுப்பது. நுரையீரல் மாற்று என்றால் இன்னும் நீளும். மற்றொன்று, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு வாராவாரம் ரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் பி.சி.ஆர். பரிசோதனை பார்ப்பது, அளவு எல்லையைத் தாண்டியதும் சிகிச்சை தொடங்குவது.

முதல் வழி நடைமுறைக்குச் சுலபம். சின்னம்மை வைரஸும் ஹெர்பிஸும்கூட இதே மருந்தில் அடங்கும். இரண்டாவது வழியில் அதற்கு அசைக்ளோவிர் தனியாக வேண்டும். ஆனால் முதல் வழியின் மருந்தால் ரத்த வெள்ளை அணுக்கள், குறிப்பாக நியூட்ரோஃபில்கள், குறையும். அப்போது 'டோஸைப் பாதியாக்கிவிடலாமே' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்: அரைகுறை அளவு, மருந்துக்கு அடங்காத வைரஸை வளர்த்துவிடக்கூடும். அந்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் மற்ற மருந்துகளைச் சரிசெய்ய முடியுமா என்று மருத்துவர்கள் முதலில் பார்ப்பது இதனால்தான். டோஸ் கணக்கும் எடையோடு முடிவதில்லை. உடல் பரப்பளவு, சிறுநீரகத் திறன் இரண்டும் சேரும். குழந்தை வளர வளர திரும்பக் கணக்கிட வேண்டும். திரவ மருந்தைக் கலக்கியபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் ஆயுள் 49 நாள்தான்.

இதைவிடப் பெரிய குறை, மருந்தை நிறுத்தியபின் தாமதமாக வரும் நோய். பரிசோதனைகள் குறைந்து, எல்லாரும் கொஞ்சம் அசந்திருக்கும் நேரம் அது.

இரண்டாவது வழியில் வைரஸ் லேசாகத் தலைகாட்டுவதால் உடல் அதை அடையாளம் காணப் பழகுகிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், இதே ஆபத்தான சேர்க்கையில் கல்லீரல் மாற்று பெற்ற பெரியவர்களில், கண்காணிப்பு வழியில் 9 சதவீதத்தினருக்கும் தடுப்பு மருந்து வழியில் 19 சதவீதத்தினருக்கும் சி.எம்.வி. நோய் வந்தது. நல்ல முடிவுதான், ஆனால் அப்படியே குழந்தைகளுக்குப் பொருத்திவிட முடியாது. வாராவாரம் பிஞ்சுக் கையில் நரம்பு தேட வேண்டும். வைரஸ் வேகமாகப் பெருகும் என்பதால் முடிவு ஓரிரு நாளில் வந்தாக வேண்டும். ஆய்வகமும் மாறக்கூடாது, பிளாஸ்மாவில் (அணுக்களைப் பிரித்தெடுத்த ரத்தத் திரவத்தில்) வரும் எண்ணும் முழு ரத்தத்தில் வரும் எண்ணும் ஒன்றல்ல.

என்னைக் கேட்டால், ஆபத்து அதிகமான குழந்தைக்கு முதலில் தடுப்பு மருந்து, நிறுத்தியபின் சில மாதம் பி.சி.ஆர். கண்காணிப்பு. வெறும் கண்காணிப்பு என்பது ஆய்வகமும் வீடும் ஒரு வாரம்கூடத் தவறாத இடத்துக்கே சரி. கைக்குழந்தைகளிடம் இன்னொரு எச்சரிக்கை: தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடியால் (எதிர்ப்புப் புரதத்தால்), குழந்தைக்கு வைரஸ் ஏற்கனவே வந்திருப்பதுபோல் ஆன்டிபாடி சோதனை பாசிட்டிவ் காட்டலாம். அதை நம்பி ஆபத்து குறைவு என்று முடிவு கட்டக்கூடாது.

உறுப்பு மாற்றுக்குப் பின் கவலை தரும் இன்னொரு வைரஸான எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு இந்தத் தேர்வே கிடையாது. நம்பகமான தடுப்பு மருந்து இல்லாததால், அளவைக் கண்காணித்து, ஏறினால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் குறைத்துப் பார்க்கிறார்கள்.